எச்எம்சிஎஸ் சாக்வில்: ஒரு சின்னப் போர்க்கப்பலோட முழு வாழ்க்கை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கனடாவுல ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துல நிக்கற சாக்வில் கப்பலைப் பத்திப் பேச்சு வந்தாலே ஏறக்குறைய ஒரே மாதிரி கேள்விகள்தான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், உங்களுக்கு வேணுங்கற கேள்விக்கு நேரா போயிடலாம்.

முதல்ல, இது என்ன கப்பல்? எதுக்கு இவ்வளவு பேச்சு?

ரெண்டாம் உலகப்போர்ல அட்லாண்டிக் கடல்ல சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவலா போன "ஃபிளவர்" வகை கார்வெட்ல (அதாவது சின்னக் காவல் போர்க்கப்பல்ல) ஒண்ணு. இந்த வகையில பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து 250-க்கும் மேல கட்டினாங்க, அதுல இன்னிக்கு உலகத்துலயே மிச்சம் இருக்கறது இது ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் போர்ல மூழ்கினது, இல்லன்னா பழைய இரும்புக்குப் போனது, திமிங்கல வேட்டைக்கும் சரக்கு ஏத்தறதுக்கும் வித்து அங்கேயே தேஞ்சு போனது. அந்த ஒண்ணு எப்படித் தப்பிச்சதுங்கறதுதான் இந்தக் கப்பலோட கதையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அதைக் கீழ விரிவா சொல்றேன்.

சின்னக் கப்பல்னா எவ்வளவு சின்னது?

நீளம் 62.5 மீட்டர், அகலம் 10 மீட்டர், எடை 950 டன் அளவு. அந்தக் காலத்து போர்க்கப்பல்கள் பக்கத்துல வெச்சா ரொம்பப் பொடிசு. முன்னாடி ஒரே ஒரு 4 இஞ்ச் பீரங்கி, பின்னாடி டெப்த் சார்ஜ், அதாவது தண்ணிக்கு அடியில வெடிக்கற குண்டை உருட்டி விடற தண்டவாளம், ரெண்டு பக்கமும் அதைத் தூக்கி எறியற கருவி, விமானத்தைச் சுட சின்ன துப்பாக்கிகள். இவ்வளவுதான் ஆயுதம்.

ஒரே ஒரு புரொப்பெல்லர், ஒரே ஒரு நீராவி எஞ்சின், 2,750 குதிரைசக்தி. டர்பைன் எல்லாம் கிடையாது, வணிகக் கப்பல்ல ஓடற பழைய பிஸ்டன் எஞ்சின்தான். முழு வேகம் 16 நாட், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும், ஜெர்மன் நீர்மூழ்கி தண்ணிக்கு மேல வந்து ஓடினா 17 நாட்டுக்கு மேல போகும். துரத்தற கப்பலைவிட ஓடற நீர்மூழ்கி வேகமானது! இதைத் தெரிஞ்சேதான் இந்த மாலுமிகள் வேலை பார்த்தாங்க. ஒரு நல்ல விஷயம், கப்பல் சின்னதுங்கறதால ரொம்ப இறுக்கமா திரும்பும், நீர்மூழ்கி உள்ள முழுகிட்டா அதோட வேகம் பாதிக்கும் கீழ போயிடும், அப்ப இது அதுமேல வட்டம் போட்டு வேலையைக் காட்டும்.

எதுக்கு இப்படி மெதுவா ஓடற எஞ்சினைப் போட்டுக் கட்டினாங்க? நல்லதா கட்டியிருக்கலாமே?

நேரம் இல்ல, அதான் காரணம். போர் வரப்போகுதுன்னு 1939-ல தெரிஞ்சப்ப பிரிட்டன்கிட்ட காவல் கப்பல் பத்தல, டிஸ்ட்ராயர், அதாவது வேகமான பெரிய போர்க்கப்பல் கட்டற யார்டுகள் எல்லாம் ஏற்கனவே நிரம்பி வழிஞ்சுது. அப்ப ஸ்மித்ஸ் டாக்ங்கற கம்பெனியோட வடிவமைப்பாளர் வில்லியம் ரீட், தாங்க ஏற்கனவே கட்டின சதர்ன் பிரைட்ங்கற திமிங்கல வேட்டைக் கப்பலோட டிசைனை எடுத்து, அதைப் பெருசாக்கி, இந்த கார்வெட்டை வரைஞ்சு குடுத்தார். திமிங்கலம் பிடிக்கற கப்பலும் நீர்மூழ்கி பிடிக்கற கப்பலும் செய்யற வேலை யோசிச்சுப் பார்த்தா ஏறக்குறைய ஒண்ணுதான், ரெண்டும் தண்ணிக்கு அடியில இருக்கறதைத் தேடி, அது திரும்பறப்ப கூடவே திரும்பி, மேல வந்தா அடிக்கணும்.

இந்த டிசைன்ல பெரிய வசதி என்னன்னா போர்க்கப்பலே கட்டாத சாதாரண யார்டுலயும் கட்டலாம். கனடாவுல உள்நாட்டு ஏரிக்கரை ஊர்கள்ல, கடலையே பார்க்காத யார்டுகள்ல எல்லாம் கட்டினாங்க. கப்பல் முடிஞ்சதும் செயின்ட் லாரன்ஸ் ஆறு வழியா கடலுக்கு வந்து சேரும்.

சாக்வில் பொறந்தது கடற்கரை ஊர்ல. நியூ பிரன்ஸ்விக் மாகாணம் செயின்ட் ஜான் யார்டுல 1940 மே மாசம் கட்ட ஆரம்பிச்சு, 1941 மே 15-ம் தேதி தண்ணியில இறக்கி, 1941 டிசம்பர் கடைசியில கடற்படையில சேர்த்தாங்க. பிரிட்டன்காரங்க இந்த வகைக் கப்பல்களுக்கு பூ பேரு வெச்சாங்க, கனடாக்காரங்க தங்களோட சின்னச் சின்ன ஊர் பேரை வெச்சாங்க. சாக்வில்ங்கறது அதே நியூ பிரன்ஸ்விக்ல இருக்கற ஒரு சின்ன ஊர். ஊர் பேரு வெச்சதால அந்த ஊர்க்காரங்க கம்பளி சாக்ஸ், ஸ்வெட்டர், புஸ்தகம்னு கப்பலுக்குப் பார்சல் அனுப்பற வழக்கமும் வந்துச்சு.

இது கடற்கரைக்குப் பக்கத்துல ஓடறதுக்குத்தான் கட்டினதுன்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் நடுக்கடலுக்குப் போச்சு?

ஆமா, முதல் யோசனை அதுதான். பிரிட்டன் கரையோரமா காவல் பார்க்கத்தான் இந்த டிசைன். ஆனா 1940-ல பிரான்ஸ் விழுந்ததும் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு அட்லாண்டிக் ஓரத்துலயே துறைமுகம் கிடைச்சுடுச்சு, அங்கேருந்து நேரா நடுக்கடலுக்கு வர ஆரம்பிச்சாங்க. சரக்குக் கப்பல்களுக்கு இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும் காவல் வேணும்னு ஆச்சு. அதுக்குத் தகுந்த கப்பல் கையில இல்ல, இருந்தது இந்த கார்வெட்கள்தான், அனுப்பிட்டாங்க.

நியூஃபவுண்ட்லாந்துல செயின்ட் ஜான்ஸ் துறைமுகம் ஒரு முனை, வடக்கு அயர்லாந்துல லண்டன்டெர்ரி இன்னொரு முனை, நடுவுல குளிர்காலத்து வட அட்லாண்டிக். மாலுமிகள் இந்த ரூட்டை "நியூஃபி-டெர்ரி ரன்"னு சொன்னாங்க. மெதுவான கான்வாய்னா, அதாவது காவலோட போற சரக்குக் கப்பல் கூட்டம்னா, ஒரு தடவை கடக்கவே ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிடும்.

உள்ள இருந்தவங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு?

கொடுமைன்னு ஒரு வார்த்தையில சொல்லிடலாம், ஆனா எப்படிக் கொடுமைன்னு தெரிஞ்சாத்தான் அந்தப் பசங்களோட அருமை புரியும். இந்த டிசைனை முதல்ல வரைஞ்சப்ப ஐம்பது பேருக்கும் கம்மியாத்தான் ஆளுங்கன்னு கணக்கு. அப்புறம் ரேடார், கூடுதல் துப்பாக்கி, கூடுதல் டெப்த் சார்ஜ்னு சேர்க்கச் சேர்க்க அதே இடத்துல 85 பேர் வரைக்கும் அடைச்சாங்க. கப்பலோட முன்பக்கம், அலையை முதல்ல வாங்கற இடத்துலதான் மாலுமிகள் தங்கற அறை. தூங்க ஹேமக், அதாவது கூரையிலேருந்து கட்டித் தொங்கவிடற தூளி, அதுக்கும் இடம் பத்தாம மேஜைமேல, பெஞ்சுமேல, தரையிலன்னு படுப்பாங்க. வெளிய உறைபனி, உள்ள இத்தனை பேரோட மூச்சு, இரும்புச் சுவர் முழுக்க வேர்த்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். போட்ட துணி கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் காயாது.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பார்க்கணும். ஆரம்பக் கால கார்வெட்ல சமையலறை நடுவுக்குப் பின்னாடி, சாப்பிடற இடம் முன்னாடி. ரெண்டுக்கும் நடுவுல மேல மூடாத, தாழ்வான திறந்த டெக். ஒவ்வொரு வேளையும் ஒருத்தன் சூடான பாத்திரத்தை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, கப்பல் ஒரு பக்கம் சாஞ்சு நிமிரற நேரத்தைப் பார்த்து, அடுத்த அலை டெக்மேல விழறதுக்குள்ள ஓடணும். பாதி நாள் சாப்பாட்டுல உப்புத்தண்ணி கலந்துடும், இல்லன்னா மொத்தப் பாத்திரமும் கடலோட போயிடும், மறுபடி சமைச்சுக் குடுக்கவும் வழி கிடையாது. ரொட்டி கிளம்பின சில நாள்லயே பூஞ்சை பிடிச்சுடும், அப்புறம் கல்லு மாதிரி பிஸ்கட்டும் டின்ல அடைச்ச மாட்டுக்கறியும்தான். டின் தக்காளியை பேக்கனோட சேர்த்துக் குடுப்பாங்க, அதுக்கு மாலுமிகள் வெச்ச பேரு "ரெட் லெட்", கப்பலுக்கு அடிக்கற சிவப்புப் பெயிண்டோட பேரு. ராத்திரிக் காவல்ல நிக்கறவங்களுக்கு கெட்டியா காய்ச்சின கோக்கோ, அதை "கை"ன்னு சொல்வாங்க, அந்தச் சூடு உள்ள போனாத்தான் அடுத்த ஒரு மணி நேரம் நிக்க முடியும்.

பிரிட்ஜ், அதாவது கேப்டன் நிக்கற மேடை, அதுவும் திறந்தவெளி. மழை, பனி, அலை எல்லாம் நேரா மூஞ்சியில. நாலு மணி நேரம் காவல், நாலு மணி நேரம் ஓய்வு, அந்த ஓய்வுலயும் அலாரம் அடிச்சா ஓடணும். குளிர்காலத்துல மேல தெறிக்கற தண்ணி அப்படியே ஐஸா உறைஞ்சுக்கிட்டே வரும், எடை மேல ஏறினா கப்பல் கவுந்துடும், அதனால கோடாலியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டு ஆளுங்க விடாம ஐஸை உடைச்சுத் தள்ளணும். ஆட்டமோ கேக்கவே வேணாம், ஈரப்புல்லு மேல விட்டாக்கூட கார்வெட் உருளும்னு மாலுமிகளே சொல்வாங்க. ஆனா அதே ஆளுங்கதான் இன்னொண்ணையும் சொல்வாங்க, இந்தக் கப்பல் எவ்வளவு ஆடினாலும் முழுகாது, அலைமேல ஏறி வந்துடும்னு. திமிங்கல வேட்டைக் கப்பலோட உடம்பாச்சே.

இதையெல்லாம் தாங்கினவங்க யாருன்னு பார்த்தா பெரும்பாலும் தன்னார்வத்துல வந்த பசங்க. கடலே இல்லாத சஸ்காச்சுவான் மாதிரி மாகாணங்கள்லேருந்து, கோதுமை வயல்லேருந்து வந்தவங்க நிறைய. போர் ஆரம்பிச்சப்ப கனடா கடற்படை ரொம்பக் குட்டி, ஆறு டிஸ்ட்ராயரும் சில சின்னக் கப்பல்களும்தான். முடியறப்ப ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அதுல வேலை பார்த்திருந்தாங்க. அத்தனை பேரை அவ்வளவு சீக்கிரம் சரியா பழக்க முடியாது, ஆரம்பத்துல தப்பு நிறைய நடந்துச்சு, பிரிட்டன் அதிகாரிகள் குறை சொன்னாங்க. என் பார்வையில அந்தக் குறையில பாதி நியாயம், பாதி அநியாயம். நல்ல ரேடாரும் நல்ல கருவிகளும் முதல்ல பிரிட்டன் கப்பல்களுக்குத்தான் போச்சு, இவங்களுக்குப் பழசு. காந்தத்தை நம்பாத ஜைரோ காம்பஸ்ங்கற திசைகாட்டிகூட இல்லாம காந்த திசைகாட்டியை வெச்சுக்கிட்டுத்தான் கனடா கார்வெட்கள் நீர்மூழ்கி தேடிச்சு, பீரங்கி சுட்டா ஊசி ஆடும், டெப்த் சார்ஜ் வெடிச்சா ஊசி ஆடும்.

நீர்மூழ்கியை எப்படிக் கண்டுபிடிச்சு அடிப்பாங்க?

தண்ணிக்கு அடியில தேட அஸ்டிக்னு ஒரு கருவி, இப்ப நாம சோனார்னு சொல்றதுதான். கப்பலோட அடியிலேருந்து ஒரு ஒலி "பிங்"னு போகும், எதுலயாவது பட்டா எதிரொலி திரும்பி வரும், ஹெட்போன் மாட்டின ஒருத்தர் அதைக் கேட்டு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு சொல்வார். திமிங்கலத்துலயும் எதிரொலி வரும், மீன் கூட்டத்துலயும் வரும், வெதுவெதுப்பான தண்ணியும் குளிர்ந்த தண்ணியும் சந்திக்கற இடத்துல ஒலி வளைஞ்சு ஏமாத்தும்.

கிட்ட நெருங்க நெருங்க, கடைசி 200 மீட்டர் வாக்குல எதிரொலி கேக்காமப் போயிடும், ஏன்னா ஒலி முன்னாடி சாய்வாத்தான் போகுது, நேரா கீழ இருக்கறது தெரியாது. அந்த நேரம் பார்த்து நீர்மூழ்கி திரும்பிடும். கார்வெட் அந்த இடத்தைத் தாண்டினப்புறம் பின்பக்கத்துலேருந்து டெப்த் சார்ஜை உருட்டி விடும், அது ஒரு பீப்பா, உள்ள 130 கிலோ அளவு வெடிமருந்து, எந்த ஆழத்துல வெடிக்கணும்னு முன்னாடியே செட் பண்ணி வெச்சிருப்பாங்க. ஆழம் கம்மியா செட் பண்ணிட்டு மெதுவா போனா நம்ம கப்பலோட பின்பக்கமே தூக்கி அடிக்கும். 16 நாட் வேகக் கப்பலுக்கு இது நிஜமான ஆபத்து, ஒவ்வொரு வெடிக்கும் உள்ள பல்ப் உடையும், பைப் ஜாயிண்ட் எல்லாம் ஆட்டம் காணும்.

அப்புறம்தான் ஹெட்ஜ்ஹாக் வந்துச்சு, 24 சின்ன குண்டுகளை முன்பக்கமா வட்டமா எறியற கருவி. எதிரொலி இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே எறியலாம், நீர்மூழ்கிமேல பட்டாத்தான் வெடிக்கும்.

சாக்வில் நேர்ல போட்ட பெரிய சண்டை எது?

1942 ஆகஸ்ட், ஓஎன் 115-ங்கற கான்வாய். பிரிட்டன்லேருந்து வட அமெரிக்காவுக்குத் திரும்பற சரக்குக் கப்பல்கள், பாதுகாப்புக்கு பெரும்பாலும் கனடா கப்பல்கள். ஜூலை 31-ம் தேதியே ஸ்கீனாங்கற டிஸ்ட்ராயரும் வெட்டாஸ்கிவின்ங்கற கார்வெட்டும் சேர்ந்து யூ-588-ங்கற நீர்மூழ்கியை மூழ்கடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எரிபொருள் தீர்ந்து சில காவல் கப்பல்கள் கிளம்ப வேண்டியதா போச்சு, ஆள் குறைஞ்ச நேரம் பார்த்து நீர்மூழ்கிகள் வந்துச்சு, நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்துல, பனிமூட்டத்துல.

சாக்வில்லோட கேப்டன் ஆலன் ஈஸ்டன், இதுக்கு முன்னாடி பேடெக்ங்கற கார்வெட்டை ஓட்டி அனுபவப்பட்டவர். ஆகஸ்ட் 3-ம் தேதியை ஒட்டின அந்த நேரத்துல, ஒண்ணு மாத்தி ஒண்ணா, சாக்வில் நீர்மூழ்கிகளோட மோதுச்சு. முதல்ல யூ-43, அதுமேல டெப்த் சார்ஜ் போட்டதுல பலமான அடி. அப்புறம் பனிமூட்டம் நடுவுல யூ-552 தண்ணிமேல நிக்கறது தெரிஞ்சு, 4 இஞ்ச் பீரங்கியால சுட்டு அதோட கோபுரத்துலயே ஒரு குண்டைப் போட்டாங்க. ரெண்டுமே மூழ்கல, ஆனா ரெண்டுமே கான்வாயை விட்டுட்டு ரிப்பேருக்கு ஓடிடுச்சு. ஈஸ்டனுக்கு இதுக்காக டிஎஸ்சிங்கற வீரப் பதக்கம் கிடைச்சுது.

யூ-552 சாதாரண நீர்மூழ்கி இல்ல. 1941 அக்டோபர் 31-ம் தேதி ரூபன் ஜேம்ஸ்ங்கற அமெரிக்க டிஸ்ட்ராயரை மூழ்கடிச்சது அதுதான், அமெரிக்கா போர்ல இறங்கறதுக்கு முன்னாடியே. ஐரோப்பியப் போர்ல அமெரிக்கா இழந்த முதல் போர்க்கப்பல் அது. அப்படிப்பட்ட நீர்மூழ்கியை ஒரு கார்வெட் அடிச்சு விரட்டிச்சுங்கறது சின்ன விஷயம் இல்ல.

மூழ்கடிக்கலையேன்னு சிலர் குறைவா பேசுவாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. காவல் கப்பலோட வேலை சரக்குக் கப்பலைப் பத்திரமா கொண்டு போய்ச் சேர்க்கறது. நீர்மூழ்கியைத் தண்ணிக்குள்ள அமுக்கி வெச்சு, கான்வாய் தாண்டிப் போற வரைக்கும் தலையைத் தூக்க விடாம பண்ணினாலே வேலை முடிஞ்சுது.

1943-ல ஒரு பெரிய சோகம் நடந்துச்சுன்னு சொல்றாங்களே?

ஆமா, செப்டம்பர் மாசம். ஓஎன்எஸ் 18, ஓஎன் 202-ன்னு ரெண்டு கான்வாய் ஒண்ணா சேர்ந்து போச்சு. சாக்வில் அப்ப 9-வது எஸ்கார்ட் குரூப்ல, அதாவது காவல் குழுவுல இருந்துச்சு, கூட செயின்ட் குரோய், இட்சன், சாம்ப்ளி, மோர்டன்னு கப்பல்கள். ஜெர்மன்காரங்க இந்தத் தடவை புதுசா ஒரு டார்ப்பிடோ (தண்ணிக்குள்ள பாய்ஞ்சு போற குண்டு) கொண்டு வந்தாங்க, கப்பலோட புரொப்பெல்லர் சத்தத்தைக் கேட்டு அதுவாவே தேடிப் போய் அடிக்கறது. குறி சரக்குக் கப்பல் இல்ல, காவல் கப்பல்.

செப்டம்பர் 20-ம் தேதி செயின்ட் குரோய் டிஸ்ட்ராயர் போச்சு. உதவிக்கு வந்த பாலியான்தஸ்ங்கற பிரிட்டிஷ் கார்வெட்டும் போச்சு. தண்ணியில தத்தளிச்சவங்களை இட்சன் ஃபிரிகேட் காப்பாத்தி ஏத்திக்கிச்சு, செயின்ட் குரோய் ஆளுங்க மட்டும் எண்பது பேர் வாக்குல. ரெண்டு நாள் கழிச்சு இட்சனும் அடிபட்டு வெடிச்சுது. மூணு கப்பல் ஆளுங்க ஒரே கப்பல்ல, பிழைச்சது மொத்தமே மூணு பேர். இதை எழுதறப்பவே மனசு பாரமாகுது, ஒரு தடவை சாவுலேருந்து தப்பிச்சு கம்பளி போத்தி சூடா கோக்கோ குடிச்சுக்கிட்டு இருந்தவங்க அவங்க.

அந்த டார்ப்பிடோவுக்கு மாத்து மருந்தும் வேகமா வந்துச்சு. ரெண்டு இரும்புக் குழாயைப் பக்கத்துல பக்கத்துல கட்டி, கப்பலுக்குப் பின்னாடி நீளக் கம்பியில இழுத்துக்கிட்டுப் போவாங்க, தண்ணி வேகத்துல அது கடகடன்னு அடிச்சுக்கற சத்தம் புரொப்பெல்லர் சத்தத்தைவிட பெருசா இருக்கும், டார்ப்பிடோ ஏமாந்து அதைத் தேடிப் போகும். கனடாக்காரங்க செஞ்ச இந்தக் கருவிக்கு "கேட்"னு பேரு, செய்யறதும் சுலபம், செலவும் கம்மி.

அப்ப இந்த ஒரு கப்பல் மட்டும் எப்படித் தப்பிச்சுது?

பாய்லர் கெட்டுப் போனதால! நிஜமாத்தான் சொல்றேன்.

1944 ஆரம்பத்துல அமெரிக்காவுல டெக்சாஸ் மாகாணம் கால்வெஸ்டன்ல பெரிய ரிப்பேர் நடந்துச்சு. முன்பக்க மேல்தளத்தைப் பின்னாடி வரைக்கும் நீட்டினாங்க, அதனால மாலுமிகளுக்கு இடமும் கிடைச்சுது, நான் மேல சொன்ன அந்தச் சாப்பாட்டு ஓட்டமும் முடிஞ்சுது. நல்லா சரி பண்ணித் திரும்பி வந்து மறுபடி கான்வாய்க்குப் போனப்ப, ஒரு பாய்லர் சரி பண்ண முடியாத அளவுக்குக் கெட்டுப் போச்சு. ரெண்டு பாய்லர் இருக்கற கப்பல்ல ஒண்ணு போனா கான்வாய் வேலைக்கு லாயக்கில்ல. புது பாய்லர் போடறதுக்குப் பதிலா அதை வேற வேலைக்கு மாத்திட்டாங்க, கொஞ்ச நாள் பயிற்சிக் கப்பல், அப்புறம் லூப் லேயர்.

லூப் லேயர்னா துறைமுக வாசல்ல கடலுக்கு அடியில கேபிள் போடற கப்பல். பெரிய வளையமா கேபிளைத் தரையில போட்டு, ரெண்டு முனையையும் கரையில ஒரு கருவியோட இணைச்சிருப்பாங்க. இரும்புக் கப்பல் எதுவுமே கொஞ்சம் காந்தம் மாதிரி இருக்கும், நீர்மூழ்கி அந்த வளையத்தைத் தாண்டினா கேபிள்ல சின்னதா மின்சாரம் பாயும், கரையில ஊசி ஆடும், யாரோ உள்ள வர்றாங்கன்னு தெரிஞ்சுடும். ஃபாரடே விதியைப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போமே, அதேதான்.

இப்ப 1945-ஐ யோசிங்க. போர் முடிஞ்சுது, நூத்துக்கும் மேல கார்வெட் வெச்சிருந்த கனடா அத்தனையும் விக்க ஆரம்பிச்சுது. நல்லா ஓடிக்கிட்டிருந்த, சண்டையில பேர் வாங்கின கப்பல்கள் எல்லாம் வரிசையா பழைய இரும்பு வியாபாரிகிட்ட போச்சு. சாக்வில் மட்டும் கேபிள் போடற கருவியோட இருந்ததால, எப்பவாவது தேவைப்படும்னு ஓரமா ரிசர்வ்ல நிறுத்தி வெச்சாங்க.

போருக்கு அப்புறம் சும்மாவா நின்னுச்சு?

இல்ல, போர்ல ஓடினதைவிட பத்து மடங்கு காலம் அதுக்கப்புறம்தான் ஓடுச்சு. 1950-கள் ஆரம்பத்துல மறுபடி எடுத்து ஆராய்ச்சிக் கப்பலா மாத்தினாங்க. பீரங்கி போச்சு, பிரிட்ஜ் மாறிச்சு, பின்பக்கம் ஆய்வுக்கூடம் வந்துச்சு. கடல் தண்ணியோட சூடு, உப்பு, அடித்தரை, ஒலி எப்படிப் பயணம் செய்யுதுங்கறது, இதையெல்லாம் அளந்துக்கிட்டு 1982 வரைக்கும் ஓடுச்சு. கட்டினப்ப போர் முடியற வரைக்கும் தாங்கினா போதும்னு நினைச்ச கப்பல், நாப்பது வருஷம் தாண்டி வேலை செஞ்சுது.

கடல் ஆராய்ச்சிக் காலத்தை நிறைய பேர் ஒரு வரியில முடிச்சுடறாங்க, அது சரியில்லன்னு நினைக்கறேன். வெதுவெதுப்புத் தண்ணியும் குளிர் தண்ணியும் சந்திக்கற இடத்துல ஒலி ஏமாத்துதுன்னு மேல சொன்னேன்ல, போர்ல எத்தனையோ பேர் உயிரை வாங்கின அந்த மர்மத்தை அமைதிக் காலத்துல உக்காந்து அளந்த கப்பல்கள்ல இதுவும் ஒண்ணு.

நினைவுச் சின்னமா ஆக்கினது யாரு?

பழைய மாலுமிகள்தான். முதல்ல அவங்க மனசுல இருந்தது சாக்வில் இல்ல. டொமினிக்கன் குடியரசுக்கு வித்த கனடா கார்வெட்கள்ல ஒண்ணைத் திரும்ப வாங்கலாம்னு யோசிச்சாங்க, ஆனா 1979-ல வந்த சூறாவளியில அது சிதைஞ்சு போச்சு. அப்புறம்தான் நம்ம துறைமுகத்துலயே ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கேன்னு எல்லாரும் இதைத் திரும்பிப் பார்த்தாங்க. 1983-ல ஒரு அறக்கட்டளைகிட்ட கப்பலைக் குடுத்தாங்க, பணம் திரட்டி, வரைபடம் தேடி, 1944-ல இருந்த உருவத்துக்குத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. 1985-ல கனடா அரசு இதை நாட்டோட கடற்படை நினைவுச் சின்னமா அறிவிச்சுது.

வெள்ளை, நீலம், பச்சை கலந்த உருமறைப்புப் பெயிண்ட், பக்கவாட்டுல கே181-ங்கற எண், புகைபோக்கியில சாய்ஞ்ச சிவப்பு வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டை ஒரு காவல் குழுவோட அடையாளம், முடிதிருத்தற கடை வாசல்ல சுத்தற கம்பம் மாதிரி இருக்கறதால "பார்பர் போல்" குழுன்னு பேரு.

ஒவ்வொரு வருஷமும் மே மாசம் முதல் ஞாயித்துக்கிழமை, அட்லாண்டிக் போர் நினைவு நாள். கப்பல்ல எஞ்சின் ஓடாததால இழுவைப்படகு வெச்சு பாயிண்ட் பிளெசன்ட் பூங்காவுக்கு வெளிய கூட்டிட்டுப் போவாங்க, கடல்ல மலர்வளையம் விட்டு, விருப்பப்பட்ட பழைய மாலுமிகளோட அஸ்தியை அங்க கரைப்பாங்க. அஸ்தி கரைக்கறதோட அர்த்தம் நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

நம்ம பக்கத்துக் கடலுக்கும் இந்த வகைக் கப்பலுக்கும் சம்பந்தம் உண்டா?

சாக்வில்லுக்கு நேரடியா இல்ல, ஆனா அதோட கூடப்பிறப்பு ஒண்ணு மட்டக்களப்புக் கடல்ல கிடக்குது. ஹாலிஹாக்ங்கற பிரிட்டிஷ் ஃபிளவர் கார்வெட். 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின அன்னிக்கு, ஹெர்மிஸ்ங்கற விமானம் தாங்கிக் கப்பலும் வாம்பயர்ங்கற ஆஸ்திரேலிய டிஸ்ட்ராயரும் மட்டக்களப்புக்கு வெளிய மூழ்கினதை நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, டைவிங் போறவங்களுக்கு ஹெர்மிஸ் ரொம்பப் பிரபலம். அதே நாள் அதே தாக்குதல்ல ஹாலிஹாக்கும் போச்சு, அதோட பேரை யாருமே சொல்றதில்ல. இந்தியக் கடற்படைக்கும் போர் கடைசியில இந்த வகைக் கப்பல்கள் சில வந்துச்சு, அஸ்ஸாம், சிந்துன்னு மாகாணப் பேரோட.

இன்னொண்ணும் இருக்கு. சாக்வில் சண்டை போட்ட அதே நியூஃபவுண்ட்லாந்து பனிமூட்டத்துலதான் 1986 ஆகஸ்ட்ல 155 ஈழத்தமிழர்கள் ரெண்டு லைஃப் போட்ல மிதந்துக்கிட்டு இருந்தாங்க, உள்ளூர் மீனவர்கள் பார்த்துக் காப்பாத்திக் கரை சேர்த்தாங்க. அந்தக் கடல் எப்படிப்பட்டதுன்னு அனுபவிச்சவங்க நம்மகிட்டயும் இருக்காங்க.

போய்ப் பார்க்க முடியுமா? எதைக் கவனிக்கணும்?

கோடைகாலத்துல ஹாலிஃபாக்ஸ் கடலோர நடைபாதையில, மாரிடைம் மியூசியத்துக்குப் பக்கத்துல நிக்கும், உள்ள ஏறிப் பார்க்கலாம். குளிர்காலத்துல கடற்படை டாக்யார்டுக்குள்ள போயிடும். மியூசியத்துலயே 1913-ல கட்டின அகேடியாங்கற ஆராய்ச்சிக் கப்பலும் இருக்கு, ரெண்டு உலகப்போர்லயும் வேலை செஞ்சது, அதையும் விட்டுடாதீங்க. டொரண்டோ பக்கம் இருக்கறவங்க அவ்வளவு தூரம் போக முடியலன்னா ஹாமில்டன்ல ஹைடாங்கற டிஸ்ட்ராயர் இருக்கு, அது இதைவிட பெருசு, வேகமானது, வேற மாதிரி அனுபவம்.

சாக்வில்ல ஏறினா பீரங்கியைப் பார்த்துட்டு திரும்பிடாதீங்க. முன்பக்க மெஸ் அறைக்குள்ள இறங்கி, ஹேமக் கட்டற கொக்கிகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளியைப் பாருங்க, ஒரு ஆளோட தோள் அகலம்தான் இருக்கும். அப்புறம் பின்பக்கம் போய் டெப்த் சார்ஜ் தண்டவாளத்துக்குப் பக்கத்துல நின்னு பாருங்க, தண்ணி எவ்வளவு கிட்ட இருக்குன்னு.

இப்ப கப்பலோட நிலைமை எப்படி?

வயசாயிடுச்சு. உப்புத்தண்ணியில எண்பது வருஷத்துக்கு மேல இருந்த இரும்பு, அடிப்பக்கத் தகடுகள் மெலிஞ்சு போச்சு. 2018-ல கடற்படை டாக்யார்டுல தண்ணிக்கு மேல ஏத்தி அடிப்பக்கத்தைப் பெரிய அளவுல சரி பண்ணினாங்க, அரசு பணம் குடுத்துச்சு. ஆனா தண்ணியில நிக்கற வரைக்கும் துரு நிக்காது, திரும்பத் திரும்ப இதே செலவு வரும். என்னைக் கேட்டா நிரந்தரமா கரையில ஏத்தி, மேல கூரை போட்டு வெச்சுடணும், மே மாசச் சடங்குக்கு வேற கப்பல் போகட்டும். மிதக்கற கப்பல்தான் உயிருள்ள கப்பல்னு வாதாடறவங்க இருக்காங்க, அவங்க பாசம் புரியுது, ஆனா இது போனா இன்னொண்ணு கிடையாது. அறக்கட்டளை நன்கொடையிலயும் உறுப்பினர் சந்தாவிலயும் டிக்கெட் காசுலயும்தான் பெரும்பாலும் ஓடுது, அதனால போறவங்க நுழைவுக் கட்டணத்தோட நிறுத்தாம உண்டியல்லயும் கொஞ்சம் போட்டுட்டு வாங்க.